பியானோவுக்கு விட்ட இடம்

பெட்டியைப் பிரித்ததும் ஒருமுறை,
விரித்து முடித்ததும் ஒருமுறை,
சாந்து பூசி மூடியதும் ஒருமுறை
கம்பியை அளக்க வேண்டும்.
மூன்று தடவையும் நாற்பத்தாறு ஓம்.
அட்டையில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன்,
ஓரெஸ்ட் என்று.
எனக்கு நானே கொடுத்துக்கொண்ட உத்தரவாதம்.

வினிப்பெக்கில் நிலவறை என்பது
வீடு மண்ணுக்குள் விட்டிருக்கும் கால்.
ஜனவரியில் அது விறைத்துப்போகும்.
மேலே உலை எத்தனை உறுமினாலும்
காலுறை மேல் காலுறை போட்டுக்கொண்டுதான்
சலவைக்கு இறங்குவாள் டார்கா.

முதலில் நுரைப்பலகை.
அது இல்லையென்றால்
நாம் கட்டும் கரண்ட் பில்லில் பாதி
இந்த ஆற்றங்கரைக் களிமண் குளிர்காயத்தான்.
எவ்வளவு கொடுத்தாலும் ஏப்பம் விடாத மண்.
பலகைமேல் கம்பி,
போய்த் திரும்பி, போய்த் திரும்பி,
ஓரிடத்திலும் தன்னைத் தானே தாண்டாமல்.
தாண்டினால் அந்த இடம் கருகும்.

சுவரோரம் ஒரு செவ்வகம் மட்டும்
கம்பியில்லாமல் விட்டேன். ஐந்தடிக்கு இரண்டடி.
டார்காவின் பியானோவுக்கு.
அடியில் சூடு ஏறினால் மரம் வெடிக்கும், சுருதி போய்விடும்.
டோஃபினில் மூடிய ஒரு பள்ளிக்கூடத்தின் ஏலத்தில்
இருநூறு டாலருக்கு எடுத்திருந்தாள்.
எதற்கு என்று நான் கேட்கவில்லை.
அவளும் சொல்லவில்லை.

சாந்து முழுசாக இறுக இருபத்தெட்டு நாள்.
அதுவரை சுவிட்சைத் தொடக்கூடாது.
வெளியே மைனஸ் முப்பத்தெட்டு.
ராத்திரிதோறும் இறங்கிப் போய்
அணைந்து கிடக்கும் தெர்மோஸ்டாட்டை
ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவேன்.
"மார்க்கியான் பிறக்கும்போதுகூட
நீ இப்படி நாள் எண்ணவில்லை" என்றாள்.

இருபதாம் நாள் பியானோ வந்தது.
நாலு ஆள், மச்சான் மிரோன் தலைமையில்.
எங்கள் படிக்கட்டு பாதியில் ஒரு திருப்பம் திரும்பும்.
பத்தொன்பது வருஷமாக ஏறி இறங்குகிறேன்,
அளந்ததில்லை.
மூன்று விரற்கடை போதவில்லை.
சாய்த்தார்கள், நிமிர்த்தினார்கள்,
கைப்பிடியைக் கழற்றினார்கள்.
உள்ளே எல்லாச் சுருதியும் ஒன்றாக முனகியது.
அது இப்போது மிரோன் வீட்டு முன்னறையில்.
அவன் மகள் அதன்மேல் கார் சாவியை வைக்கிறாள்.

இருபத்தொன்பதாம் நாள் போட்டேன்.
முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் இல்லை.
மோசம் போனேன் என்றே நினைத்தேன்.
பிறகு, பாதத்தின் கீழே,
ஒரு வாரம் பேசாதிருந்தவர்
'ம்' என்றது போல.

பூனை அன்றே முழுத் தரையையும் படித்துவிட்டது.
அது படுத்த இடமெல்லாம் கம்பி.
செவ்வகத்தின் விளிம்புவரை வந்து
முன்னங்காலை உதறித் திரும்பியது.
கம்பளம் போட்டு மூடிவிடலாம் என்றேன்.
"இருக்கட்டும்" என்றாள் டார்கா,
கொஞ்சம் அவசரமாக.

பிப்ரவரியில் ஒரு ராத்திரி, மணி இரண்டு.
படுக்கையில் அவள் இல்லை.
படித்திருப்பத்தில் நின்று பார்த்தேன்:
வெறுங்கால், முழங்கைவரை மடித்த இரவுடை,
மூடிய கண்.
அந்த ஐந்துக்கு இரண்டில் நிற்கிறாள்,
பியானோ நின்றிருக்க வேண்டிய இடத்தில்.
எனக்கு நெஞ்சு அடைத்தது.
"வேறொன்று வாங்கலாம், டார்கா,
கழற்றி மாட்டுகிற மாதிரிகூட இருக்கிறதாம்."

கண்ணைத் திறந்தாள்.
சிரித்ததில் பூனை எழுந்துவிட்டது.
"பியானோவா? உடம்பு எரிகிறது ஓரெஸ்ட்.
இலையுதிர் காலத்திலிருந்து.
ராத்திரிக்கு மூன்று தடவை
யாரோ உள்ளே அடுப்பு மூட்டுகிறார்கள்.
நீயோ வீடு முழுக்கச் சூடாக்கிக்கொண்டே வருகிறாய்.
மிஞ்சியது இது ஒன்றுதான்."

இலையுதிர் காலம்.
நான் நுரைப்பலகைக்கு விலை விசாரித்துக்கொண்டிருந்தேன்.

இறங்கிப் போய் விளிம்பில் நின்றேன்,
என் பக்கம் இருபத்தாறு டிகிரி.
அவள் நெற்றிப் பொட்டில் வியர்வை வழிந்தது.
கை நீட்டினேன்.
"இப்போது வேண்டாம், சுடும்" என்றாள்,
ஆனால் சுவர்ப்பக்கம்
சற்று ஒதுங்கி நின்றாள்.
இரண்டு பாதம் வைக்க இடம் இருந்தது.